கேள்வியக்காவும் ஒரு மூட்டை பாசியும்

கேள்வியக்காவுக்குக் கேள்வி கேட்கிற வேலையைக் கொடுத்தது வன ஆராய்ச்சி நிலையம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். வேலையோடுதான் அவள் பிறந்தாள். சம்பளம்தான் பிற்பாடு வந்து சேர்ந்தது. பால்காரர் வந்து மணி அடித்தால் பாத்திரத்தை நீட்டமாட்டாள். "மழைக்காலத்துல பால் குறையுமா? தீவனம் வாங்கறதா, மேய்ச்சலா? மேய்ச்சல்னா யாரு கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டு, பதிலை முழுசாக வாங்கிக்கொண்ட பிறகுதான் பாத்திரம் வெளியே வரும். ஒரு கட்டத்தில் பால்காரர் கும்பிடு போட்டுவிட்டார். இப்போதெல்லாம் மாடிப்படியில் பாலை வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் பறந்துவிடுகிறார்.

வயது நாற்பத்தைந்தைத் தொட்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. இளவயதில் அவளிடம் ஆசையாகப் பேச்சுக் கொடுத்த ஓரிரு ஆண்களும் கேள்விகள் முடிவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். அதைச் சொல்லும்போது அவள் சிரிப்பாள். சிரிப்புக்கு அடியில் ஒரு சின்ன வலி இருந்தது, ஆனால் அவள் அதை வெளியே விட்டதில்லை. தம்பி வீட்டில்தான் வாசம். கீழே பூட்டு சாவி ரிப்பேர் கடை. பகல் முழுக்கச் சாவி அராவுகிற சத்தம். மேலே இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, தம்பியின் மனைவி உட்கார்ந்து தைக்கிற ஜன்னலோரம். தம்பி மகா அமைதி. அக்காவோடு வளர்ந்தவன் வேறு எப்படி இருக்க முடியும்? தம்பி மனைவி அப்படியில்லை. தையல்காரிக்கு ஊசியில் நூல் கோக்கிற கண். எதிரே இருக்கிறவர் மனசில் எங்கே தையல் விட்டிருக்கிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள்.

காட்டை ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் மரத்தை ஆராய்வார்கள். சிலர் பறவை, பூச்சி. கேள்வியக்காவின் மேலதிகாரி ஆராய்ந்தது மனிதர்களை. ஊசி போடத் தெரியாத டாக்டர் அவர். பொருளாதாரம் படித்து வாங்கிய பட்டம். காட்டை ஒட்டி இருக்கிற வீடுகள் காட்டிலிருந்து என்னென்ன எடுக்கின்றன, எவ்வளவு எடுக்கின்றன, யார் எடுக்கிறார்கள், வீட்டுக்கா விற்கவா, இப்படியே எடுத்தால் காடு தாங்குமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எல்லா வீட்டுக்கும் போக முடியாது. அதனால் குலுக்கிப் போட்டுச் சில வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்பார் டாக்டரம்மா. பருவத்துக்கு ஒரு முறை அந்த வீடுகளுக்கே திரும்பத் திரும்பப் போய் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். அதற்கு அலுக்காத ஒரு வாய் வேண்டும். கேள்வியக்காவை விட்டால் நாதியில்லை.

அவள் போனது ஆற்றுக்கு அந்தப் பக்கம், கிழக்குச் சரிவின் அடிவாரத்தில் இருந்த குடியிருப்புக்கு. தோளில் பை, பைக்குள் தூக்குத் தராசு, கேள்வித்தாள் கட்டு, தண்ணீர் பாட்டில். கேள்வித்தாளில் ஒரு சூட்சுமம் இருந்தது. வீட்டுக்காரர் ஒரு பொருளின் பெயரைச் சொன்னால் அந்தப் பொருளுக்கென்று ஒரு தனித் தாள் எடுக்க வேண்டும். விறகு என்றால் விறகுக்கு ஒரு தாள், காளான் என்றால் காளானுக்கு ஒரு தாள். யார் போனார்கள், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எதற்குப் பயன், போன வருஷத்தைவிடக் கூடவா குறைவா என்று தாள் நிறையக் கேள்வி. போதாததற்குப் பொருளைக் கண்ணால் பார்த்து, தராசில் தொங்கவிட்டு நிறுக்கவும் வேண்டும்.

குடியிருப்பு ஜனங்கள் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. முதல் முறையே கணக்கைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். பொருள் குறைந்தால் கேள்வி குறையும். ஆடு வளர்க்கிற அம்மாள், பின்கட்டில் புல்லுக் கட்டு மலை மாதிரி குவிந்திருக்க, வாசலில் நின்றபடியே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்: "சுள்ளி மட்டும்தான் எடுக்கறோம்மா. வேற என்ன இருக்கு காட்டுல?" உள்ளேயிருந்து ஆடு கத்தும். கேள்வியக்கா ஆட்டைப் பார்ப்பாள், அம்மாளைப் பார்ப்பாள். "ஆடு என்னங்க சாப்பிடுது? காத்தா?" என்பாள். பிறகு சிரித்துக்கொண்டே புல்லுக்கு ஒரு தாள் எடுப்பாள். இப்படி ஒவ்வொரு வீட்டிலும் பல்லைப் பிடுங்குகிற பாடு.

ஒரே ஒரு வீடுதான் வேறு மாதிரி.

குடியிருப்பின் கடைசி வீடு. கோடாலிக்கும் மண்வெட்டிக்கும் மரப்பிடி செய்கிறவர் அங்கே தனியாக இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், மனைவி காலமாகிப் பல வருஷம். ஊரில் அவருக்குக் கைப்பிடிக்காரர் என்று பெயர். முற்றத்தில் ஒரு மேசை, அதன்மேல் இழைப்புளி, சீவிய மரச்சுருள் காலடியில் கணுக்கால் உயரத்துக்கு. முதல் பருவத்தில் கேள்வியக்கா போனபோது அவர் மூன்றே மூன்று பொருள் சொன்னார்: பிடி செய்கிற கிளை, அடுப்புச் சுள்ளி, எப்போதாவது காளான். மூன்று தாள் முடிந்தது. அவள் எழுந்தாள். அவரும் எழுந்தார். வாசல்வரை வந்து, எதையோ சொல்ல நினைத்து, சொல்லாமல், "பார்த்துப் போங்க, படி வழுக்கும்" என்றார். படி வழுக்கவில்லை. காய்ந்துபோய்க் கிடந்தது.

அவள் போன பிறகு அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். மூன்று பொருளுக்கு இவ்வளவு நேரம் என்றால் ஆறு பொருளுக்கு எவ்வளவு நேரம்?

அடுத்த பருவத்தில் பட்டியல் நீண்டது. பிசின் எடுக்கிறேன் என்றார். மரப்பட்டை எடுக்கிறேன் என்றார். உதிர்ந்த இலை எடுக்கிறேன் என்றார். கேள்வியக்கா மகிழ்ந்துபோனாள். பொய் பேசாமல் தானாக முன்வந்து சொல்கிற வீட்டை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. தாளுக்கு மேல் தாள் எடுத்தாள். நடுவில் தேநீர் வந்தது. தேநீருக்கு நடுவில் அவள் கேள்வித்தாளில் இல்லாத இரண்டொரு கேள்வியும் கேட்டாள். இழைப்புளி எந்த ஊரில் வாங்கினது, இடது கைப் பழக்கமா, தனியாகச் சமைக்கிறபோது உப்பு சரியாக விழுகிறதா. அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இடையில் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அது ஒரு புதுமை.

அதற்கடுத்த பருவத்தில் கதை கைமீறிப் போனது. கூழாங்கல் எடுக்கிறேன் என்றார். கூழாங்கல் காட்டுப்பொருளா என்று தெரியாமல் கேள்வியக்கா நிலையத்துக்கு போன் போட்டாள். காட்டு ஓடையில் இருந்தால் காட்டுப்பொருள்தான் என்று பதில் வந்தது. கூழாங்கல்லுக்கு ஒரு தாள். பறவை இறகுக்கு ஒரு தாள். காய்ந்த காய்கள், பெரணி இலை, மரத்தில் தொங்குகிற கொடி, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு தாள்.

"வேற ஏதாவது?" என்று கேட்டாள். கேட்க வேண்டியது விதி.

கைப்பிடிக்காரர் கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வெளியே மரத்தைப் பார்த்தார். கைவசம் இருந்த பொருளெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"காத்து," என்றார்.

"என்னது?"

"காட்டுக் காத்து. சாயங்காலமானா அதைத்தான் வாங்கிட்டு உக்காந்திருப்பேன்."

"அதை எப்படிங்க நிறுக்கறது?"

"நிறுக்க முடியாதுதான்," என்று ஒப்புக்கொண்டார். பிறகு முகம் பளிச்சென்று ஆனது. "பாசி! பாசி எடுக்கறேன். மறந்தே போயிட்டேன் பாருங்க."

"பாசியை வெச்சு என்ன பண்றீங்க?"

"தலையணைக்கு."

உள்ளே போய் ஒரு மூட்டை பாசியைக் கொண்டுவந்து தராசில் மாட்டினார். ஈரப் பாசி, நல்ல கனம். அவள் முள்ளைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். அதற்கடுத்த பருவத்திலும் பாசி மூட்டை வந்தது. மூட்டையின் வாயில் அதே சிவப்புக் கயிறு, பாசிக்குள் அதே மஞ்சள் இலை ஒட்டியிருந்த அதே உடைந்த குச்சி. கேள்வியக்கா அதைப் பார்த்தாள். பார்த்தும், வாய் திறந்தும், மூடிக்கொண்டாள். உலகத்தில் யாரையும் எதையும் கேட்காமல் விடாத மனுஷி கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அது: அந்தத் தலையணை எங்கே?

ஏன் கேட்கவில்லை? அது அவளுக்கே நன்றாகத் தெரியும். கேட்டால் ஒரு தாள் குறைந்துவிடும்.

நெருப்பில்லாமல் புகையுமா? வீட்டில் தம்பி மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அண்ணி, அந்தக் குடியிருப்புக்குப் போற அன்னிக்கு மட்டும் எதுக்கு நீல ஸ்கார்ஃப்?"

"வெயில்."

"மழை பெய்யுது அண்ணி."

"மழைக்கும்தான்."

"சரி, அந்தக் கடைசி வீட்டை எதுக்குக் கடைசியா வெச்சுக்கறீங்க?"

"கடைசி வீடுன்னா கடைசியாத்தானே வரும்!" என்று கேள்வியக்கா எரிந்து விழுந்தாள். ஆனால் பையில் உதிரித் தாள்களை வழக்கத்தைவிட ஒரு கைப்பிடி அதிகமாக அடுக்கிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. தம்பி மனைவி பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு, சிரிப்பையும் கடித்துக்கொண்டு, மிஷினை மறுபடி ஓட்டினாள். கேள்வியக்கா அன்று மாடிப்படியைப் பாடிக்கொண்டே இறங்கினாள். சாவிக்கடைக்காரர் அரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வயதில் தலைகால் புரியாமல் போவது எவ்வளவு சுகம் என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சுகம் அதிக நாள் நீடிக்கவில்லை. கணக்கு போடுகிற நேரம் வந்தது.

டாக்டரம்மா அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடி மூக்கு நுனியில், கண்கள் மின்ன, திரையைத் திருப்பிக் காட்டினார். "தனியாள் வீட்டைப் பாருங்க! இதுவரைக்கும் யாருமே எழுதாத விஷயம். தனியா இருக்கறவங்கதான் காட்டை அதிகமா நம்பியிருக்காங்க. பாசி, இறகு, கூழாங்கல், கொடி... குடும்பமா இருக்கற வீட்டைவிடப் பல மடங்கு. நீங்க கண்ணால பார்த்து நிறுத்தீங்கல்ல?"

"நிறுத்தேன்," என்றாள் கேள்வியக்கா. அது உண்மை. ஒரே மூட்டையை இரண்டு தடவை நிறுத்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

பிறகுதான் இடி விழுந்தது. குலுக்கலில் வந்த வீடுகளில் தனியாள் வீடு கைப்பிடிக்காரருடையது ஒன்றுதான். ஒரு சோறுதானே பதம்? சரிவைச் சுற்றியிருக்கிற அத்தனை தனியாட்களுக்கும் அவரையே அளவாக வைத்துப் பெருக்கிவிட்டது கணினி. பெருக்கிப் பார்த்தால், தனிமையில் வாடுகிற ஒரு பெரும் படையே மூட்டையும் கையுமாகக் கிழக்குச் சரிவில் ஏறி, ஒரு பொட்டுப் பாசி விடாமல் சுரண்டிக்கொண்டு இறங்குகிற மாதிரி விடை வந்தது. அந்தச் சரிவுக்குப் பொறுப்பான வன இலாகா ரேஞ்சர் அதைப் பார்த்துவிட்டார். சரிவு தாங்காது, சில வருஷங்களுக்கு மூட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். யாரும் கால் வைக்கக்கூடாது. சுள்ளி கிடையாது, புல் கிடையாது, காளான் கிடையாது. அந்தக் குடியிருப்புக்கு அடுப்பும் ஆடும் அந்தச் சரிவுதான்.

பாசிக்கு எழுதின எடையைக் கேள்வியக்கா மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தாள்.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம்; மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் அதைக் கேலி செய்வார்கள். எந்தக் கணக்கையும் இலாகாவுக்குக் கொடுக்குமுன், அந்தக் கணக்கைக் கொடுத்த ஜனங்களைக் கூட்டி, அவர்களுக்கே அதைப் படித்துக் காட்டுவார். "அவங்க வாயால வந்தது. அவங்க காதுக்குப் போகணும். தப்புன்னா அங்கயே சொல்லட்டும்" என்பார். கூட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை. ரேஞ்சரும் வருகிறார். படிக்கப்போவது கேள்வியக்கா.

வீட்டுக்கு வந்து தம்பி மனைவியிடம் கொட்டித் தீர்த்தாள். "சொன்னா என் வேலை போகும். அந்த மனுஷன் மானம் போகும். சொல்லலன்னா அவங்க சரிவு போகும்."

"எல்லாம் போறதையே சொல்றீங்க அண்ணி. வர்றது ஒண்ணு இருக்கே, அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறீங்களே."

"என்ன வருது?"

"எங்கிட்ட கேக்கறீங்க? கேள்வி கேக்கறது உங்க தொழிலாச்சே. கேக்க வேண்டிய இடத்துல கேளுங்க."

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தம்பி அந்த வாரத்தில் முதல்முறையாக வாயைத் திறந்து, "அதான்" என்றான். மறுபடி மூடிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் கேள்வியக்கா ஏறினாள். ரேஞ்சர் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்கச் சரிவை மூடுகிற முள்கம்பி பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் இவள் நீல ஸ்கார்ஃபின் முனையைச் சுருட்டிச் சுருட்டித் திரியாக்கிவிட்டாள்.

குடியிருப்பின் கமிட்டிக் கூடம் தகரக் கூரை போட்டது. பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. கைப்பிடிக்காரர் தலையைப் படிய வாரி, வெளுத்த சட்டை போட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. கேள்வியக்கா வருகிறாள் என்பது மட்டும் தெரியும். அது போதும் என்பதுபோல முகமெல்லாம் பூரித்திருந்தார்.

கேள்வியக்கா படிக்கத் தொடங்கினாள். விறகுக் கணக்குக்குத் தலையாட்டினார்கள். புல் கணக்குக்கு ஆட்டுக்காரம்மாள் கூரையைப் பார்த்தார். பிறகு அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தனியாள் வீடு," என்றாள். "பாசி..." என்று எடையைச் சொன்னாள். பெருக்கி வந்த தொகையையும் சொன்னாள். பெஞ்சுகளில் சலசலப்பு. இறகு. கூழாங்கல். கொடி. சலசலப்பு சிரிப்பாக மாறியது. ரேஞ்சர் கையைத் தட்டினார்.

"இதுல சிரிக்க ஒண்ணுமில்ல. இந்தக் கணக்கு உண்மைன்னா நாளைக்கே சரிவை மூடியாகணும். சுள்ளிக்குக்கூட யாரும் போக முடியாது."

சிரிப்பு கத்தரித்த மாதிரி நின்றது. எல்லாத் தலைகளும் கடைசி வரிசைப் பக்கம் திரும்பின. ஒரு பெரியவர் முணுமுணுத்தார்: "கோடாலிக்காம்பு குலத்துக்கு ஈனம்னு சொல்லுவாங்க. காம்பு பண்றவனே பண்ணிட்டானே." கைப்பிடிக்காரரின் முகத்தில் இருந்த பூரிப்பு வடிந்தது. அவருக்கு இப்போதுதான் விளங்கியது. தாம் சொன்ன ஒவ்வொரு பொருளும் எங்கே போய், எப்படிப் பெருகி, யார் தலையில் வந்து விழுகிறது என்று.

ஆட்டுக்காரம்மாள் எழுந்தார். மேய்க்கப் போகிறவர் கண்ணுக்குத் தப்பினது எதுவும் அந்தச் சரிவில் கிடையாது. "ஐயா, ஒண்ணு சொல்லணும். நாங்க எல்லாம் காட்டுலேருந்து தூக்கிட்டு வருவோம். இந்த மனுஷன் மட்டும் காட்டுக்குள்ள தூக்கிட்டுப் போவாரு. ஒவ்வொரு தடவையும் இந்தக் கேள்வியம்மா வந்துட்டுப் போன மறுநாள், மூட்டை மூட்டையா. நானும் பைத்தியம் புடிச்சிருச்சோன்னு நெனச்சேன்."

"காட்டுக்குள்ள எதுக்குய்யா கொண்டு போன?" என்றார் ரேஞ்சர்.

"எடுத்த எடத்துலயே வெக்கறதுக்குங்க. அடுத்த தடவை அதையே எடுத்துக்கலாம்ல," என்றார் கைப்பிடிக்காரர், குரல் எழும்பாமல்.

ரேஞ்சர் திணறிப்போனார். எடுப்பதற்குச் சட்டம் இருக்கிறது, அபராதம் இருக்கிறது. எடுத்ததைத் திருப்பி வைத்தவனை என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா கேள்வியக்காவைப் பார்த்தார். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் கேள்வியக்காவே இல்லை என்று தோன்றியது. படித்துக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

"அந்தத் தலையணை எங்க?" என்று கேட்டாள்.

கைப்பிடிக்காரர் தலையைத் தூக்கினார்.

"தலையணையே இல்லீங்க," என்றார் அவர்.

"அப்புறம் எதுக்குப் பாசி எடுத்தேன், கூழாங்கல் எடுத்தேன்னு சொன்னீங்க?"

கைப்பிடிக்காரர் எழுந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் இத்தனை நாள் பொய் சொன்னதில் களைத்துப் போயிருந்தார் போல. உண்மை ஒரே மூச்சில் வந்தது.

"பொருள் தீர்ந்துட்டா நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்க."

முதலில் ஆட்டுக்காரம்மாள் "அட" என்றார். பிறகு கூடமே அதிர்ந்தது. தகரக் கூரை படபடத்தது. பெரியவர் தம் பழமொழியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பக்கத்திலிருந்தவர் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தார். யாரோ விசிலடித்தார்கள். ரேஞ்சர் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கேள்வியக்காவுக்கு முகம் கொதித்தது, காது அடைத்தது, உள்ளங்கால் தரையில் இருப்பதாகத் தெரியவில்லை. தன் கேள்விகளைக் கேட்டு ஓடினவர்களைத்தான் அவளுக்குத் தெரியும். இன்னும் கேட்கட்டும் என்று மலை ஏறிப் பாசி சுமந்தவனை இப்போதுதான் பார்க்கிறாள்.

டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உதட்டோரம் துடித்தது. "ஒரு விதி இருக்கு. கேள்வி கேக்கறவருக்குச் சொந்தக்காரங்களா இருக்கறவங்க வீட்டைக் கணக்குல சேர்க்கக் கூடாது. அப்படி ஏதாவது இருந்தா அந்த வீட்டை மொத்தமா எடுத்துடலாம். சரிவும் தப்பிச்சிடும்."

அவ்வளவுதான். பெஞ்சுகளிலிருந்து எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். "சொந்தமாயிடுங்கம்மா! சரின்னு சொல்லுங்கம்மா!" ஆட்டுக்காரம்மாள் கிட்டே வந்து முகவாயைப் பிடித்தார். "என் ஆடெல்லாம் உன்னை வாழ்த்தும் தாயி!"

கேள்வியக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் கையை விலக்கினாள்.

"சும்மா இருங்க எல்லாரும்! சரிவுக்காக நான் சரி சொல்லணுமா? உங்க சுள்ளிக்கும் புல்லுக்கும் நான் என்ன ஈடா? கணக்கு தப்புன்னா கணக்கைத் திருத்தணும். தப்பு அவர் மேல பாதி, என் மேல பாதி. அதே மூட்டை ரெண்டாவது தடவை வந்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேக்கல." டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "என்னை என்ன பண்றதுன்னு அப்புறம் முடிவு பண்ணுங்க. இப்ப நான் இந்த வீட்டை மறுபடி கேக்கறேன். எல்லாருக்கும் முன்னாடி. நீங்களே எழுதிக்குங்க."

பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பிடிக்காரர் எதிரே வந்து உட்கார்ந்தார். பையைத் திறந்தாள். உதிரித் தாள் கட்டு வெளியே வந்தபோது சிரித்த கூட்டம், அவள் பார்த்த பார்வையில் அடங்கியது.

"காட்டுலேருந்து என்னென்ன எடுக்கறீங்க?"

"பிடிக்குக் கிளை."

கிளைக்கு ஒரு தாள். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எதற்கு. அவர் ஒன்றுக்கும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அப்புறம்?"

"சுள்ளி."

சுள்ளிக்கு ஒரு தாள். ஆட்டுக்காரம்மாள் ஒவ்வொரு பதிலுக்கும் சாட்சி சொல்வதுபோலத் தலையாட்டினார்.

"அப்புறம்?"

"எப்பவாச்சும் காளான்."

காளானுக்கு ஒரு தாள். டாக்டரம்மா தட்டச்சு செய்துகொண்டே வந்தார். கணினி மறுபடி பெருக்கியது. தனியாட்களின் படை மூட்டையைக் கீழே போட்டுவிட்டு மலையைவிட்டு இறங்கிவிட்டது. ரேஞ்சர் குனிந்து திரையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "சரி. மூட வேண்டாம். ஆனா கீழ்ப்பக்கம் புல்லு நிஜமாவே மொட்டையாயிருக்கு. ஆட்டை மேல்பக்கமா ஓட்டணும்." ஆட்டுக்காரம்மாள் மறுபடி கூரையைப் பார்த்தார்.

"உங்களை நான் ஒண்ணும் பண்ணப்போறதில்ல," என்றார் டாக்டரம்மா. "ஆனா அடுத்த பருவத்துலேருந்து அந்த வீட்டுக்கு வேற ஆள் போகட்டும். நீங்க போகக்கூடாது." ஒரு கணம் நிறுத்தினார். "கேள்வி கேக்க."

எல்லாரும் எழுந்து வெளியே போனார்கள். வெளியே ஜீப்பை ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது. எதிரெதிர் பெஞ்சில் இரண்டு பேர் மட்டும். கேள்வித்தாளின் கடைசியில் எப்போதும் இருக்கிற வரி பாக்கி இருந்தது. கேட்க வேண்டியது விதி.

"வேற ஏதாவது?" என்றாள் கேள்வியக்கா.

கைப்பிடிக்காரர் கூரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. "இல்லீங்க," என்றார் மெதுவாக. "அவ்வளவுதான். பொருள் தீர்ந்துபோச்சு."

ஜீப் ஹாரன் அடித்தது. இன்னொரு தடவை அடித்தது. கேள்வியக்கா தாள்களை அடுக்கினாள், பையில் வைத்தாள், பையை மூடிப் பக்கத்தில் வைத்தாள். எழுந்திருக்கவில்லை.